ஐந்தில் ஒன்றை வட்டமிடுக

முதல் கேள்வி எளிது.
"சுற்றுச்சூழலுக்காக என் வசதியைக் குறைத்துக்கொள்ளத் தயார்."
ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன்,
ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன்.
சிந்தோக்கிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில்
இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் ஐந்தை வட்டமிட்டார்கள்.
தாள் கொடுத்து, வாங்கி, எண்ணியவள் நான்.
சுற்றுலாத்துறை, இறுதியாண்டு ஆய்வு, மூன்று கிரெடிட்.

பஸ் சுங்கை தெராப்பில் நின்றது.
அது என் ஊர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
பயணத் திட்டத்தில் அதற்குப் பெயர்கூட இல்லை,
"மதிய உணவு, நாற்பது நிமிடம்."
மின்மினி பார்க்கப் போகிறவர்கள்
கழிப்பறைக்கு இறங்கும் இடம்.
இரண்டு வரிசைக் கடை,
திருப்பத்தில் லாரி சிந்திவிட்டுப் போன செம்பனைப் பழங்கள்,
நான் படித்த பள்ளியின் வேலிக்குப் புதுப் பெயிண்ட்.

நாசி சம்பூர் கடையில்
இருபத்தோரு வெள்ளைப் பெட்டிகள்,
விரலில் தொங்கும் இருபத்தோரு தே ஆயிஸ் பைகள்.
ஹுய் ஷான் மட்டும்
பையிலிருந்து எவர்சில்வர் அடுக்கை எடுத்து நீட்டினாள்.

பெயர் எழுதாத தாள்தான்,
ஆனால் பச்சை மை அவளுடையது.
எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டிருந்தாள்,
ஒரு கேள்விக்கு ஒன்று.

"அம்மா கடையில் பெட்டிக்கு முப்பது காசு.
கழுவிக் கழுவிப் பழகிப் போச்சு.
பூமியைப் பற்றியெல்லாம் நான் யோசித்ததில்லை,
பொய் எழுதக் கூடாதில்லையா?"

கடைக்காரர் அவள் அடுக்கில்
ஒரு கரண்டி குழம்பு கூட ஊற்றினார்.
அதைப் பார்த்துக்கொண்டே தன் பெட்டியை மூடிய யுகேந்திரன்
"அடுத்த தடவை நானும் கொண்டு வரணும்" என்றான்.
என் ஆய்வில் குழம்பு ஒரு மாறி இல்லை.

விரிவுரையாளர் வரைந்த படத்தில் மூன்று கட்டங்கள்:
நீ என்ன நினைக்கிறாய்,
மற்றவர்கள் உன்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள்,
உன்னால் முடியும் என்று நம்புகிறாயா.
மூன்றும் சேர்ந்து விருப்பம்.
விருப்பத்திலிருந்து செயலுக்கு ஓர் அம்பு,
அதன் நீளம் மூன்று சென்டிமீட்டர்.

எங்கள் ஊரில் அது
எண்ணெய் ஆலை வாசலிலிருந்து ஆற்றங்கரைக் குழாய் வரை.
அண்ணன் குணாளனுக்கு அங்கே இரவு வேலை, கொதிகலன் பக்கம்.
மழை பெய்கிற இரவில் மதகைத் திறப்பார்கள் என்று
ஒரே ஒரு முறை சொன்னான்,
சொன்ன கையோடு டிவி சத்தத்தைக் கூட்டினான்.
படிப்புக் கடன் போக மீதி என் செலவெல்லாம்
அந்தக் கொதிகலன்தான்.
சுற்றுச்சூழல் துறையின் புகார் எண்
இரண்டு வருடமாக என் கைப்பேசியில் இருக்கிறது,
சுப்பையா வேனுக்கும் சுனிதா டெய்லருக்கும் நடுவில்.

நானும் ஒரு தாள் நிரப்ப வேண்டும்.
பன்னிரண்டாம் கேள்வி: "கேடு கண்டால் புகார் செய்வேன்."
ஐந்து போட்டேன், அழித்தேன்.
மூன்று போட்டேன், அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
அடியிலிருந்த ஜீன்ஸின் நீலம் தெரிந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது.
நேற்றிரவு நல்ல மழை.
புளித்து, எண்ணெய் கலந்து,
திரைச்சீலையையும் மீறி அது உள்ளே வந்தது.
சியாபிக்கா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்தி
என்ன இது என்றாள்.
சாக்கடையாக இருக்கும் என்றார் விரிவுரையாளர்.
யாரோ சாப்பிட்டது சரியில்லை என்றான் யுகேந்திரன்.
பஸ்ஸே சிரித்தது.

"ஆலைக் கழிவு," என்றேன்.
"இது எங்க ஊர். ஆலையில் என் அண்ணன் இருக்கிறான்."

சிரிப்பு முன் சீட்டில் முதலில் நின்றது,
கடைசி சீட்டுக்குச் செய்தி போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.
ஈரம் சொட்டும் அடுக்கை மடியில் வைத்திருந்த ஹுய் ஷான்
குனிந்து கீழே பார்த்தாள்.
"இந்த ஆறு எங்கே போகுது?"

"நாம போற இடத்துக்குத்தான்.
மின்மினிக்கு."

டிரைவர் ஏர்கோனைக் கூட்டினார்.