இடது ஓரம்

பூமயில் கருப்பையா பெயரை
டெல்லியில் அறிவித்த அன்று சாயங்காலமே
புதுவயலுக்கு ஐந்து வேன் வந்தது,
கூரையில் குடை கவிழ்த்துக்கொண்டு,
மழை இல்லாத ஊருக்கு.

துணைக் குடியரசுத் தலைவர்னா என்ன வேலை
என்று கேட்டார் டீக்கடை மஸ்தான்.
சபையில எல்லாரையும்
உக்காருங்க உக்காருங்கன்னு சொல்ற வேலை என்றேன்.
அதை நான் இருபது வருசமாச் சொல்றேன் என்றார்.
ஓட்டு நமக்கு இல்லை, எம்.பி.க்களுக்குத்தான்
என்றதும் ஆற்றுவதை நிறுத்தினார்:
அப்ப நம்மகிட்ட என்ன கேக்க வந்திருக்காக?

முதலில் தூண் கேட்டார்கள்.
செட்டிநாடு என்றால் தூண் வேண்டும்,
பர்மாத் தேக்கு வேண்டும்.
அவர் பிறந்தது மில் சந்துத் தகரக் கொட்டகையில்,
இப்போது அங்கே லாரி நிற்கிறது என்றேன்.
உமி பறந்து லென்ஸில் ஒட்டியது.
கானாடுகாத்தான் போய்
ஐம்பது ரூபாய் டிக்கெட் எடுத்து
யாருடைய முகப்பிலோ நின்று பேசினார்கள்.
கீழே எழுத்து ஓடியது: வேட்பாளரின் பூர்வீக வாசல்.
வடக்கே ஒருவர் அவரைப் பூ மெயில் என்றார்,
ஏதோ தபாலைச் சொல்வதுபோல.

நான் பகுதிநேர நிருபர்.
செய்திக்கு முந்நூற்றைம்பது, படம் சேர்ந்தால் ஐந்நூறு.
பால்குடம், பேரூராட்சிக் கூட்டம், டூவீலர் விபத்து
என்று ஓடுகிற பிழைப்பு.
சென்னையிலிருந்து போன்:
சேவுகன், எல்லார்கிட்டயும் இருக்கறது வேணாம்,
நமக்கு மட்டும் ஒண்ணு.

ஒன்று இருந்தது.
மூடிய மில்லின் ஆபீஸ் அலமாரியில்,
கணக்கர் வயிரவன் தும்மிக்கொண்டே எடுத்துத் தந்த
பச்சைக் கோப்பில்,
எழுபத்தொன்பதாம் வருடத்து வேலைநிறுத்தம்.
அறுபத்தோரு நாள்.
கடைசியில் ஒரு கடுதாசி:
இனிமேல் சங்கத்தில் சேர மாட்டேன்,
நடந்ததற்கு வருந்துகிறேன்,
மறுபடி வேலை கொடுத்துக் காப்பாற்றவும்.
கீழே பள்ளிக்கூட எழுத்தில் க. பூமயில்.
கடைசிப் புள்ளி காகிதத்தைத் துளைத்திருந்தது.

கரண்ட் இல்லை.
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
காற்றுக்குப் பறக்காமல் ஒரு கையால் அமுக்கி
மறுகையால் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கு எட்டுப் பெட்டிகளில் எட்டுப் பேர்.
தொழிலாளியைக் காட்டிக்கொடுத்தவர் என்றது ஒரு பெட்டி.
பதினேழு வயதிலேயே மில்லை முடக்கியவர் என்றது
அதற்கு நேர் கீழே இருந்த பெட்டி.
இரண்டுக்கும் அதே கையெழுத்து,
அதே சிவப்பு வட்டம்.
எழுத்து நிபுணர் என்று ஒருவர் வந்து
சாய்வைப் பார்த்துப் பதவி ஆசை என்றார்.
மஸ்தான் கடையில் இரண்டு டம்ளர் உடைந்தது.
மூட்டை தூக்குகிற பாலையா மட்டும்,
மன்னிப்புக் கேக்காம எவன் திரும்ப வேலைக்குப் போனான்
என்றுவிட்டு வடையைப் பிட்டார்.

மூன்றாம் நாள் டெல்லியில்
நாற்பது மைக்குக்கு நடுவே அவர் சொன்னார்:
அது என் எழுத்துதான்.
அதற்காக வருந்துகிறீர்களா?
எழுதினதுக்கா, அதில் எழுதியிருக்கறதுக்கா?
என்று கேட்டுவிட்டு
கண்ணாடியைக் கழற்றி, தண்ணீர் குடித்து,
உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி வயிரவன் வீட்டுக்குப் போய்
அந்தக் காகிதத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன்.
கையெழுத்துக்கு இடப்பக்கம், ஓரத்தில்,
ஊதா மையில் ஒரு கைநாட்டு.
அதன் மேல் பென்சிலில்: அப்பா, கருப்பையா.
பக்கத்தில் சின்னதாக: எழுதியது.
அதற்கப்புறம்தான் க. பூமயில்.

போனில் என் படத்தைப் பெரிதாக்கினேன்.
அந்த இடத்தில் ஒரு கட்டைவிரல்,
நகத்தில் உமித்தூசி.
என்னுடையது.

சென்னைக்குக் கூப்பிட்டேன்.
அது ஓடி முடிஞ்சுது சேவுகன்,
அவங்க தம்பி வீட்டுப் பத்திரம் ஏதாச்சும் கெடைக்குமா பாருங்க.
வேன்கள் போயிருந்தன.
கேபிள் இழுத்த கோடு தெரு நெடுகக் கிடந்தது.

டிங் என்று ஐந்நூறு வந்தது.
பார்க்கலாம் என்று
கட்டைவிரலை வைத்தேன்.
போன் திறக்கவில்லை.
வேட்டியில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.