தெரிந்தது ஒன்று, தொட்டது சைபர்

குமுளி.
குமிளி என்றும் அடிக்கிறார்கள், கும்ளி என்றும்.
ஆங்கிலத்தில் ஐ போட்டு ஒருவர், ஒய் போட்டு ஒருவர்.
எல்லாரும் ஏறுவது ஒரே மலை.
யாரையும் திருத்தாதே,
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்.
இந்த வேலையில் நான் முதலில் படித்தது அதுதான்.

லோயர் கேம்ப் தாண்டி பஸ் மூச்சு வாங்கும்போது
ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிய ஜீப்புகள் முந்திப் போகும்.
அவர்கள் காய் பறிக்க,
நான் குரியாச்சன் லாட்ஜுக்குச் சொல் பொறுக்க.
பதினான்கு அறை. மாடிப்படிக்கு அடியில்
எனக்கொரு கம்ப்யூட்டர்.
"செல்வராணி, நம்மளை முதல் பக்கத்துல கொண்டு வரணும்."
அவர் தமிழில் பாதி மலையாளம்,
என் மலையாளத்தில் பாதி கம்பம்.

தலைப்பை அறுபது எழுத்துக்குள் மடக்கினேன்.
யானைப் படம் நாலு எம்.பி. இருந்தது;
சிக்னல் செத்த கொண்டைஊசி வளைவில்
அது இறங்கி முடிவதற்குள்
ஆள் அடுத்த லாட்ஜில் குளித்துக்கொண்டிருப்பான்.
யானையை இளைக்க வைத்தேன்.
ஒவ்வொரு படத்துக்கும், பார்க்க முடியாதவர் காதில் சொல்வதுபோல்
ஒரு வரி:
'இரண்டாம் மாடி ஜன்னல், மழை, எதிரே செக்போஸ்ட் விளக்கு.'
போன வருஷமே மூடிவிட்ட சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில்
இன்னும் வந்து நிற்பவர்களைக்
கைபிடித்துப் புது மெனுவுக்குத் திருப்பிவிட்டேன்.
'குமுளி ரூம் குமுளி லாட்ஜ் குமுளி தங்கும் ரூம்' என்று
எனக்கு முன்னால் எவரோ திணித்திருந்ததை உருவி எறிந்தேன்.
அரிசியைவிட உப்பு அதிகம் அந்தச் சோற்றில்.

ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்:
'ராத்திரி எந்நேரமும் வண்டி உண்டு.'
பதினொன்றுக்கு கேட்டைப் பூட்டிவிடுவோம்.
தெரியும்.
அந்த வரி நன்றாக ஓடியது.

ஐப்பசி, அடைமழை. மாத அறிக்கையின் அடிவாரத்தில்
யாரோ தேடிய ஒரு வரி:

பிரசவ வழி ராத்திரி வண்டி குமுளி

தெரிந்தது ஒன்று. தொட்டது சைபர்.
இடம் எழுபத்து மூன்று.

வலியை வழி என்று அடித்திருக்கிறார்கள்.

பக்கத்துக்குப் பத்து என்றால்
எழுபத்து மூன்று எட்டாம் பக்கம்.
இரண்டாம் பக்கத்தையே யாரும் புரட்டாத உலகத்தில்
யாரோ ஒருவர், ஒரு கையில் போனும்
மறுகையில் இன்னொரு கையுமாய்
ஏழு பக்கம் இறங்கி வந்திருக்கிறார்.
எட்டாவதில் நாங்கள் நின்றோம்,
பூட்டிய கேட்டோடு.

நல்லவேளை, தொடவில்லை என்று நினைத்தேன்.
அப்படி நினைத்த என்னை
அன்றைக்கு பஸ்ஸில் இறங்கும்வரை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் புதிதாக ஒரு பக்கம்.
அழகில்லை, படமில்லை, ஒரு நொடியில் திறக்கும்.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரி,
அந்தப் பக்கம் எது,
மலையிறங்க எத்தனை நிமிஷம், மழையில் எத்தனை.
ஜீப்புக்கார மொக்கராசுவின் நம்பர்.
"ராத்திரி எடுப்பீங்களா?"
"அடிச்சா எடுக்க மாட்டனா?"
வலி என்று ஒரு தரம் எழுதினேன்.
வழி என்று ஒரு தரம்.
பிறகு அந்தப் பழைய பொய்யை அழித்தேன்.

"இதுகொண்டு ரூம் போகுமோ?"
போகாது என்றேன்.
குரியாச்சன் கண்ணாடியைத் துடைத்து மாட்டி
மறுபடியும் படித்தார்.
"லாட்ஜ் பேரைச் சின்னதாயிட்டாவது போடு."

மார்கழியில் திறந்து பார்த்தேன்.
தெரிந்தது பத்தொன்பது. தொட்டது மூன்று.
இடம் நாலு.
மொக்கராசுவுக்கு வந்த அழைப்பு இரண்டு.
ஒன்று ஏலக்காய் விலை கேட்டு.
இன்னொன்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை,
ஜீப்பின் பின்சீட்டைக்
கழுவிக்கொண்டிருந்தார்.