நூற்று நாற்பது மீட்டர்

சமையலறை மேசையில் புவனோஸ் ஐரிஸ்
நாலாக மடித்த தடம் தெரிய விரிந்து கிடக்கிறது.
ஒரு மூலைக்குச் சர்க்கரை ஜாடி,
மறு மூலைக்கு என் மாத்திரை டப்பா.
துறைமுகத்தின் மேல் நாசரேனோ
பாலைச் சிந்திவிட்டான்.
ஊறி உப்பிய அந்த இடத்தில்தான்
நாங்கள் இறங்க வேண்டும்.

முப்பத்தொரு வருடம் லாரிகளை எடை போட்டவன் நான்.
சத்தத்தை வைத்தே சொல்வேன்
சோளம் எத்தனை டன், சோயா எத்தனை டன் என்று.
ஒரு நகரத்தை
ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் அறுபத்தொன்பது வயதுக்கும்
மூன்று நாளில் பங்கு போடுவது
எனக்குப் பழக்கமில்லை.
பழைய சிநேகிதன் ஒருவன்
எங்கள் பைகளை லாரி மேடையில் ஏற்றிப் பார்த்தான்.
முள் அசையவே இல்லை.
இதையா பயணம் என்கிறாய், என்றான்.

ஐத்தானாவுக்கு டைனோசர் எலும்பு.
எலும்பைத் தவிர வேறெதற்கும்
வரிசையில் நிற்க மாட்டாளாம்.
நாசரேனோவுக்கு நகரும் படிக்கட்டு.
துராஸ்னோவில் எல்லாப் படிகளும் சும்மா நிற்கின்றன
என்பது அவன் புகார்.
"எத்தனை தடவை ஏறலாம்?"
"கால் வலிக்கும் வரை."
"அதில்தான் கால் வலிக்காதே, தாத்தா."

நோட்டரி அலுவலகத்தில் ஒரு முழு வியாழக்கிழமை போனது.
பிள்ளைகள் எல்லை தாண்டத்
தாயும் தகப்பனும் கையெழுத்திட வேண்டும்.
தகப்பன் பெயர் வாஷிங்டன்.
எங்கள் நாட்டில் இப்படியும் பெயர் வைப்பார்கள்.
பத்தொன்பது மாதமாக என் மகளோடு பேசாதவன்
ஈரத்தலையை வாரிக்கொண்டு வந்தான்,
இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.
பேனா எழுதவில்லை.
கிராசியேலா தன் பேனாவை நீட்டினாள்,
முகம் ஜன்னல் பக்கம்.
கையெழுத்திட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்:
"படகில் சின்னவனுக்கு வாந்தி வந்தால்?"
"எலுமிச்சை வைத்திருக்கிறேன்" என்றேன்.
தலையசைத்தான்.
பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து போனான்.
அவளும் கேட்கவில்லை.

என் திட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்குப் பிறகும்
பென்சிலால் எழுதியிருந்தேன்: கழிப்பறை.
நேற்று ஐத்தானாவின் நோட்டு கண்ணில் பட்டது.
தேடவில்லை, ரொட்டிக்கு அடியில் கிடந்தது.
ஒவ்வொரு இடத்துக்குப் பிறகும்
பச்சை மையில்: பெஞ்சு.
எலும்புக்குப் பிறகு பெஞ்சு. பாலத்துக்குப் பிறகு பெஞ்சு.
ஓரிடத்தில் மட்டும், கொட்டை எழுத்தில்,
பெஞ்சு இருக்கிறதா தெரியவில்லை.

அந்த இடம் ஓர் அகன்ற சாலை.
ஜூலை ஒன்பதாம் தேதியின் பெயர் அதற்கு.
இக்கரைக்கும் அக்கரைக்கும் நூற்று நாற்பது மீட்டர்.
பச்சை விளக்கு
என் முட்டியைக் கேட்டுக்கொண்டா எரியும்?

ஆகவே இன்று சாயங்காலம்
பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால், பொட்டலில்,
சுண்ணாம்புக் கோடு போட்டாள் ஐத்தானா.
இங்கே ஒன்று. ரொம்ப தூரத்தில் ஒன்று.
நாசரேனோதான் சிக்னல்.
சிவப்புக்குச் சட்டி மூடி,
பச்சைக்கு ஒரு கட்டுக் கீரை.

கீரை உயர்ந்தது.
நடந்தேன்.
யாருடையதோ நாய் ஒன்று கூடவே வந்தது,
அதற்கும் அக்கரையில் வேலை இருப்பதுபோல.
பாதியை விடக் கொஞ்சம் கூடுதலாகப் போயிருப்பேன்,
சட்டி மூடி.

நின்றேன்.
"அசையாதே தாத்தா, பஸ்!"
பஸ் போக நேரம் கொடுத்தான்.
பிறகு இன்னொரு பஸ்.
பிறகு, தனக்குப் பிடிக்கும் என்பதால்,
ஒரு தீயணைப்பு வண்டி, மணியோடு.
கோட்டுக்கு அப்பால் ஐத்தானா
நோட்டைத் தொடையில் வைத்து
என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.
நாய் உட்கார்ந்துவிட்டது.
கீரை இன்னும் உயரவில்லை.