தொங்கல் கணக்கு

மூன்று கிழமை கதைக்கக் கூடாது என்றார் டொக்டர்.
குரல்நாணில் இரண்டு முடிச்சு,
அரிசிக் குறுணி அளவாம்.
கொக்குவில் தகரக் கொட்டிலில்
பதினாலு வருசம்
நூற்றிநாற்பது பேருக்கு மைக் இல்லாமல்
கணக்கியல் படிப்பித்ததன்
திரண்ட பெறுமானத் தேய்வு.
குசுகுசுக்கவும் கூடாதாம்.
அது கத்துவதைவிடக் கேடாம்.

கொப்பியும் பேனையுமாய்த் திரிந்தேன்.
'கேஸ் முடியுது.' 'ஓம்.' 'ஓம்.' 'வேண்டாம்.'

நாலாம் நாள் யதுர்ஷன் வந்தான்,
கடைசி வாங்கில் நித்திரை கொள்கிற பெடியன்.
ஒரு மெமரி காட்டை மேசையில் வைத்து,
"மிஸ், இதில ஒருத்தன் உங்களைவிடக் கத்துறான்.
அவனுக்குத் தொண்டை போகேல்லை."
சைக்கிளில் ஏறிவிட்டான்.
பகிடியா பரிவா,
எந்தப் பக்கம் பதிவதென்று தெரியவில்லை.

ஒன்பது பாட்டு. நாற்பத்தாறு நிமிடம்.
முகப்பில் உறைந்த ஏரி, நடுவில் ஒரு கதிரை.
மெலோடிக் டெத் மெட்டல் என்று வகைக்குப் பெயராம்.
மெட்டு, சாவு, இரும்பு:
மூன்று தலைப்பு, ஒரே பேரேடு.

முதற் பாட்டிலேயே காதைவிட்டுக் கழற்றினேன்.
சத்தம் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு
பங்கருக்குள் குந்தி வளர்ந்தவள் நான்.
"ஆர் இவன், ஏன் உப்பிடிக் குழறுறான்?"
அம்மா குசினியிலிருந்து கேட்டா.
எழுத ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு கரண்ட் போன ஒரு பின்னேரம்
அந்தக் குழறலுக்குக் கீழே கேட்டது.
இரண்டு கிட்டார்.
ஒன்று நடக்க, மற்றது மூன்று படி மேலே
அதே நடையில், தோள் உரசாமல்.
ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு.
நான் கரும்பலகையில் கத்திச் சொன்னதை
இவங்கள் கம்பியில் எழுதிவைத்திருக்கிறாங்கள்.

"எங்கட தவில் மாதிரித்தானே?"
ஒரு காதை வாங்கிக் கேட்டார்
பக்கத்து வீட்டுப் பரநிருபசிங்கம்.
'இல்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தேன்.
தவிலுக்கு முன்னால் பந்தல் இருக்கிறது, ஆட்கள், பாயாசம்.
இவனுக்கு முன்னால் ஒருத்தருமில்லை.
இரண்டு காலாலும் மிதிக்கிறான்,
தையல் மெசினொன்று தண்டவாளத்தில் ஏறி
துணியே இல்லாமல் தைத்துக்கொண்டு போவதுபோல.

நாலாவதில் குரலே கிடையாது.
ஒன்றரை நிமிடம் நைலோன் கம்பி,
விரல் வழுக்குகிற கீச்சு உட்பட.
அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.
அந்தக் கீச்சுக்காகவே
கோண்டாவில் கேற்றடியில் ரயில் போன பிறகும்
ஸ்கூட்டியை எடுக்காமல் நின்றேன்.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

கிளினிக்கில் டொக்டரின் காதில் ஒன்றைச் செருகி
கொப்பியை நீட்டினேன்:
'இவருக்கு ஏன் முடிச்சு வரேல்லை?'
பன்னிரண்டு செக்கன் கேட்டார். சிரித்தார்.
"நாணுக்கு மேல இன்னொரு சோடி இருக்கு.
பொய்நாண் எண்டு பேர். அதாலதான் உறுமுறார்.
மூச்சை வயித்தில வைச்சிருக்கிறார்.
நீங்கள் தொண்டையில வைச்சிருந்தனீங்கள்."
பொய்நாணால் இவ்வளவு உண்மையாய்க்
குழறலாமா என்று எழுதத் தொடங்கினேன்.
எழுபத்திமூன்றாம் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏழாவது பாட்டைத்தான் சொல்லவேண்டும்.
அதில் ஒரு கிட்டார் வழியில் நின்றுவிடும்.
மற்றது தனியே, மூன்று படி மேலே,
கீழே ஆளில்லாமல்.
அவன் மூச்சை இழுப்பது கேட்கும்,
ஏரி முழுவதையும் இழுக்கிறமாதிரி.
அடுத்தது வராது.
பாட்டு முடிந்துவிடும்.

பரீட்சை மீதி பொருந்தாவிட்டால்
வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போடு,
பதறாதே, பிழை பேந்து பிடிபடும்
என்று எத்தனை தொகுதிக்குச் சொல்லியிருப்பேன்.
ஐம்பது தரம் கேட்டாயிற்று.
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
பிடிபடாமலே இருக்கட்டும்.

இருபத்திரண்டாம் நாள் கொட்டிலுக்குப் போனேன்.
பெடியள் காசு சேர்த்து மைக் வாங்கியிருந்தார்கள்.
மேலே தகரம் சூட்டில் படபடத்தது.
நூற்றிநாற்பது பேரும் என் வாயைப் பார்க்க
வயிறு நிறைய மூச்சை இழுத்தேன்.
மைக்கில் அது பெரிதாய்க் கேட்டது.

கடைசி வாங்கில் ஒரு தலை நிமிர்ந்தது.