இதுவாவது அதுவாவது

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
காலை ஒன்பது நாற்பதுக்கு
மன்னார்குடி தலைமை அலுவலகத்து சர்வர் அறையிலிருந்து
ஒரு வாசனை வந்தது,
வறுத்த மிளகாயும் ரப்பரும் கலந்த மாதிரி.
அவ்வளவுதான்.
பதினோரு கிளைகளில், அறுபத்துமூன்று திரைகளில்
அறுபத்தொன்று ஒரே வாக்கியத்தைச் சொல்லின:
நீங்கள் யாரென்று சரிபார்க்க முடியவில்லை.

பழைய ஞாபகத்தில் திறந்த மற்ற இரண்டும்
உள்ளே விட்டனவே தவிர
ஒரு கோப்பைக்கூடத் தொடவிடவில்லை.

இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலியில் உட்காரும்
காசாளர் குஞ்சிதபாதத்தைப் பார்த்து அப்படிச் சொன்னது.
போன வாரம் சேர்ந்த ஜுஹைனாவிடமும் அதையேதான்.
வெளியே, சிட்டா அடங்கலைப் பாலிதீன் பைக்குள் சுருட்டி
மழையில் நின்றவர்கள் யார் யாரென்று
எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
எங்களுக்குத்தான் அன்றைக்கு அடையாளம் இல்லை.

அரசு தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தது.
அது என் சாமர்த்தியம் இல்லை.

இன்னொரு சர்வர் வேண்டும் என்றேன்.
செயலாளர் வில்வநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.
"பெட்டகத்துக்கு ரெண்டு சாவி.
ஒருத்தர் லீவு போட்டா அன்னைக்குப் பெட்டகமே திறக்காது.
இதுக்கும் ரெண்டு வச்சா
தொல்லையும் ரெண்டா ஆகாதா?"
பதில் வரவில்லை எனக்கு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
ஒரு சரக்கு வண்டி முழுசாகப் போய்
இன்னொன்றுக்காகவும் கேட் மூடியே கிடந்தபோது வந்தது பதில்.
பெட்டகத்துக்கு: இதுவும் அதுவும்.
எனக்கு வேண்டியது: இதுவாவது அதுவாவது.
சாவி ஒரே மாதிரிதான் ஐயா,
இடைச்சொல்தான் வேறு.

நீடாமங்கலம் கிளை மாடியில்,
வெள்ளம் ஏறாத உயரத்தில், இரண்டாவதை வைத்தேன்.
மூணாறு தலைப்பு பக்கத்தில்தான்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று
தண்ணீர் பிரிகிற மாதிரி என எழுத ஆசைப்பட்டேன்.
பொய்.
ஆறு பிரிந்தால் குறையும்,
ஷட்டரை ஓர் அடி தூக்கினால் கீழே சண்டை வரும்.
இங்கே பெயர்கள் அத்தனையும் இரண்டு ஊரிலும் முழுசாக இருக்கின்றன,
ஒரு கால் மணி நேரம் முன்னே பின்னே.

முதல் சோதனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை.
மன்னார்குடியை அணைத்தேன்.
திரை சொன்னது: நீங்கள் யாரென்று.

ராத்திரி பத்தரைக்குத்தான் உறைத்தது.
யாரைக் கேட்க வேண்டும் என்ற இடத்தில்
எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே முகவரி.
வீடு கட்டிக் குடிபுகுந்துவிட்டு
யாருக்கும் விலாசம் கொடுக்காதவன் நான்.
கிளை கிளையாக இரண்டாவது வரியைச் சேர்த்தேன்.
கடிகாரங்களையும் சேர்த்து நேராக்கினேன்,
ஐந்து நிமிடம் பிசகினால் ஒன்றை ஒன்று நம்பாது அவை.

அடுத்தது, தை மாதத்துத் திங்கட்கிழமை,
நகைக்கடன் திருப்புகிற கூட்டம்.
பதினொரு மணிக்கு மின்இணைப்பையே பிடுங்கினேன்.
ஜுஹைனா சாப்பிடப் போய்த் திரும்பி வந்து
கடவுச்சொல்லை அடித்தாள், உள்ளே போனாள்.
குஞ்சிதபாதம் டீயில் சர்க்கரை இல்லை என்று சத்தம் போட்டார்.
வேறு புகார் இல்லை.

"எப்ப அணைக்கப் போறீங்க?" என்றார் செயலாளர்.
"அணைச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு சார்."

கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"சரி. நீங்க லீவு போட்டா?"

எல்லாவற்றையும் திறக்கிற அந்தப் பெரிய கடவுச்சொல்
என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.
ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து,
இருவரும் கையெழுத்துப் போட்டுப்
பத்திரமான இடத்தில் வைத்தோம்,
பெட்டகத்தில்.

மறுநாள் குஞ்சிதபாதம் லீவு.