நான்காவது பொத்தான்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு
அபெரிஸ்ட்வித் கடல்
எங்கள் அறைச் சன்னலில் உப்பைத் தேய்க்கும்.
நாலு பொத்தான், ஒரு பெட்டி, சிக்குப் பிடித்த வயர்.
எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் விட்டுப்போன சீதனம்.
பெட்டியின் மேல் யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள்:
தட்டாதே, அழுத்து.

நான் கேப்டன்.
வேறு யாரும் நிற்காத தேர்தலில் வென்றவள்.
ஆறுகளையும் அரசர்களையும் லூனெட் பார்த்துக்கொள்வாள்.
க்வேகுவுக்கு ஓவியம், ஒலிம்பிக், எப்படியோ காளான்கள்.
எனக்கு வேதியியல்; தனிம அட்டவணையில்
எழுபதுக்கு மேல் கொஞ்சம் தடுமாறுவேன்.
ஐஃபானுக்கு எப்போதும் ஓரத்து நாற்காலி.
எப்போதும் அரை நொடி பிந்தி.

விடை அவன் வாயில் இருக்கும்,
விளக்கு வேறொருவர் முன்னால் எரியும்.
'தெரியும், ஆனால் கை வேகமில்லை' என்று
என் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே குறித்தேன்.
பென்சிலால்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்மிங்காமில் அரையிறுதி.
அவர்கள் ஊர், அவர்கள் பெட்டி, புதுப் பொத்தான்கள்.
முதல் கேள்வி பாதியில் நின்றது: ஐஃபான் விளக்கு.
இரண்டாவது, ஐஃபான்.
மூன்றாவதில் எதிரணி நிமிர்ந்து உட்கார்ந்தது.
நாங்கள் மூவரும் தலையைத் திருப்பினோம்,
சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடம் சும்மா இருந்தவர்
திடீரென்று நாதஸ்வரம் வாசித்ததைப் போல.
ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அழுத்தினான்.
எரிந்துவிட்ட விளக்குக்கு இரண்டாம் அழுத்தல் எதற்கு?
வெறும் ஒரு டொக்.
கேட்டேன். புரியவில்லை.

அப்புறம் அந்த சூப் கேள்வி.
மல்லிகடானி என்பது எந்த மொழியிலிருந்து வந்த சொல்?
கேட்டவர் உச்சரித்த விதத்தில்
அது இத்தாலியில் ஏதோ ஊர் மாதிரி இருந்தது.
சளி பிடித்த நாளெல்லாம் நான் குடித்து வளர்ந்த மிளகுத் தண்ணி
கோட்டும் தொப்பியும் போட்டு வந்து நின்றது;
யாரோ என்று வழி விட்டேன்.
க்வேகு அழுத்தினான். 'தமிழ்.'
சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்,
கீழே விழுந்த என் வீட்டுச் சாவியை
எடுத்துக் கொடுக்கிறவன் போல.

ஒரே கேள்வியில் தோற்றோம்.
என் கேள்வி. எழுபத்திரண்டாம் தனிமம்.
ஹாஃப்னியம். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
யாரும் எதுவும் பேசவில்லை. லூனெட் மட்டும்
சிப்ஸ் பொட்டலத்தை நாலு பக்கமும் கிழித்து
ரயில் மேசை முழுக்க விரித்து வைத்தாள்.

மஹன்லெத்தில் வண்டி இரண்டாகப் பிரியும்.
தவறான பெட்டியில் இருந்தால் வேறொரு கடற்கரையில் இறங்குவோம்.
வெல்ஷில் வந்த அறிவிப்புக்கே லூனெட் எழுந்துவிட்டாள்.
தூங்கிய க்வேகுவைக் கோட்டோடு இழுத்து
பிளாட்பார மழையில் ஓடி, ஏறி, மூச்சு வாங்கும்போதுதான் கேட்டேன்:
'ஏன் ரெண்டு தடவை அழுத்துறே?'

'நம்ம நாலாவது பொத்தான் அப்படித்தானே.
முதல் அழுத்துக்கு முனகும். ரெண்டாவதுக்குத்தான் எரியும்.'

எத்தனை நாளாய்?
'முதல் வருஷத்திலிருந்து.'
எங்களிடம் ஏன் சொல்லவில்லை?
'தெரியும்னு நினைச்சேன்.'
ஒன்றும் தெரியாத சன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
'அதோட, அந்தப் பக்கம்தான் ஹீட்டர்.'

அந்த ஹீட்டர் இரண்டு வருடமாய் வேலை செய்யவில்லை.
கேப்டனுக்கு அது மட்டும் தெரியும்.

ரப்பரால் அழித்தேன். பென்சில் போனது,
எழுதிய அழுத்தம் தாளில் நின்றது.

அடுத்த செவ்வாய் ஐந்தே முக்காலுக்கே போனேன்.
ஓரத்து நாற்காலியில் லூனெட்.
அவளைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்க்கும் க்வேகு.
நானும் போய் முழங்கையால் இடித்தேன்.
வாசலில் குடையை உதறிக்கொண்டே
'என்ன ஆச்சு?' என்றான் ஐஃபான்.
நடு நாற்காலியைக் காட்டினோம்.

பொத்தானைச் சரி செய்யலாமே என்று
எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை,
வியாழக்கிழமை வரைக்கும்.