ஒழுகிய வீட்டின் முகவரி

ஓட்டை எங்கே என்று கூரைக்கே தெரியாது.
தண்ணீர் முகட்டில் நுழைந்து
கைமரம் வழியே தவழ்ந்து
மூன்றடி தள்ளி, என் அலமாரியில்,
தேய்த்து மாட்டிய நர்ஸ் சீருடை மேல் சொட்டும்.

செந்தூலில் நாலு மணி மழைக்கு
நான் வைக்கும் வாளிகள் ஐந்து.
ஐந்தாவது, பக்கத்து வீட்டு ரொஹாயா தந்தது.
வரிசை வீடு. முகடு இருவருக்கும் பொது.
அவள் பக்கம் ஒழுகவில்லை;
அதனால் என்மேல் கொஞ்சம் இரக்கம்,
கொஞ்சம் சந்தேகம்.

முதலில் வந்தவன் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்தான்.
"மொத்தமா மாத்தணும் அக்கா.
பதினெட்டாயிரம் வெள்ளி, பாதி முன்பணம்.
இன்னிக்கே கட்டினா ஆயிரம் கழிவு."
கச்சான் மென்றபடியே
என் வீட்டுத் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்தவர் கனகலிங்கம். டை கட்டியிருந்தார்.
மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பினார்,
சேலைக்கடையில் விரிப்பதுபோல.
சுட்ட மண் ஓடு: அழகு. விலை அதைவிட அழகு.
தார் ஷிங்கிள்: மணல் தூவிய கறுப்புத் தோல்.
"அமெரிக்காவுல எல்லா வீட்டிலும் இதுதான்."
அங்கே இப்படிப் பாசி பிடிக்குமா என்றேன்.
பக்கத்தைப் புரட்டினார்.
தகரம்: மலிவு.
ஆனால் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவளுக்கு
தகரத்தின் மேல் மழை என்பது
உறுமி மேளத்துக்கு அடியில் கட்டில் போட்ட கதை.
"இருபது வருஷ உத்தரவாதம், மேடம்."
உங்கள் கம்பெனிக்கு என்ன வயது?
"வர்ற மாசம் ரெண்டு."

மூன்றாவது சூன் ஹுவாட், சொந்த ஏணியோடு.
ஏறினார். அரை மணி நேரம் சத்தமே இல்லை.
இறங்கும்போது கையில்
உடைந்த சிமெண்ட் ஓட்டுத் துண்டு,
நைந்த பூப்பந்து, எந்தத் தீபாவளியுடையதோ
ஒரு வாணக் குச்சி.
முகட்டுச் சாந்து உதிர்ந்திருக்கிறதாம்.
ஆண்டெனா மாட்ட வந்தவன் மிதித்து
ஒன்பது ஓடு போயிருக்கிறதாம்.
ஆண்டெனா ரொஹாயாவுடையது.
அதை மெதுவாகச் சொன்னார், மதிலைப் பார்த்தபடி.

மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்:
நீங்கள் வேலை செய்து, அப்புறமும் ஒழுகிய
ஒரு வீட்டின் முகவரி கொடுங்கள்.
முதலாமவன் சிரித்துக் கண்ணாடியை ஏற்றினான்.
"அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல" என்றார் கனகலிங்கம்.
அறுவைச் சிகிச்சை வார்டில் எனக்குப் பதினொரு வருடம்.
அப்படிச் சொல்லும் டாக்டரிடம்
நகம் வெட்டவும் விரல் நீட்ட மாட்டேன்.
சூன் ஹுவாட் காதைச் சொறிந்தார்.
பென்சில் எடுத்து ஓட்டுத் துண்டின் முதுகில் எழுதினார்:
கெப்போங். நாற்பத்தொன்று.

சனிக்கிழமை, மேகம் கறுக்கும்வரை காத்திருந்து போனேன்.
கதவு திறந்த சவரிமுத்து
ஏன் வந்தேன் என்று கேட்டுவிட்டு
முதலில் துண்டு கொடுத்தார்.
பிறகு கூடத்தின் மூலையைக் காட்டினார்.
காப்பிக் கோப்பை வைத்தெடுத்தது போல ஒரு கறை.
"ரெண்டாம் மாசமே ஒழுகிச்சு. கிறிஸ்துமஸுக்கு முதல் ராத்திரி.
போன் போட்டு ஏசினேன், வாயில வந்ததெல்லாம்.
வந்தான். மழையோட மழையா மேல ஏறினான்.
காசு கேக்கல."
பெயிண்ட் அடித்திருக்கலாமே?
"அடிச்சா உங்களுக்கு எதைக் காட்டுறது?"
வெளியே கொட்டித் தீர்த்தது.
முன்பின் தெரியாத இருவர்
அண்ணாந்து நின்றோம்.
கறை வளரவில்லை.

இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளி. மூன்று தவணை.
கடைசித் தவணை முதல் பெருமழைக்குப் பிறகு
என்று நான் எழுத, அவர் கையெழுத்திட்டார்.
வேலை முடிந்து எட்டு நாளாகிறது.
பழைய ஓடுகளுக்கு நடுவே புதிய ஒன்பதும்
வெட்கமில்லாத சிவப்பு.
செந்தூலில் ஒரு துளி இல்லை.

நாலு மணியானால் சூன் ஹுவாட் போன் செய்கிறார்:
"அங்க மேகம் இருக்கா?"
ரொஹாயா வாளியைத் திருப்பிக் கேட்கிறாள்.
இரு, மழை வரட்டும் என்கிறேன்.
ஆண்டெனா பற்றி இன்னும் சொல்லவில்லை.